நாலு கிலோ வெங்காயம்

அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள், அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த பையன், அவனுடைய தகப்பனார், பன்னிரண்டு இயந்திரங்களை ஒற்றை ஆளாக மேய்த்துக்கொண்டிருந்த கடைப் பணியாளர் அம்மாள். ஆக ஐந்து பேர். பின்னால் வரிசையில் நின்று கழுத்தை நீட்டியவர்களையும், கடைசியில் வந்த மேனேஜரையும் நான் சேர்க்கவில்லை. ஆறாவதாக எவராவது "நானும் பக்கத்துலயே இருந்தேன்" என்று சொன்னால் அவர் வேறு எங்கோ இருந்திருக்கிறார்.

எடை அளவுத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவன் நான். ஒரு கடையில் சோதனை போட்டால், உடனிருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. விட வேண்டிய பழக்கமும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பையனுடைய தாயார் கணுக்கால் பிசகிப் படுத்திருந்ததால் வரவில்லை. அவரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது, பழம் வாங்கிக்கொள்ளலாம் என்று என் மகள் சொன்னாள். சாலையோரம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் இருந்தது. பையனின் தகப்பனார் வண்டியை அதற்குள் திருப்பினார்.

அவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுமனைத் தரகர். இருக்கிற இடத்தை இல்லை என்பார், இல்லாத தெருவை வரைபடத்தில் காட்டுவார். யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுவார். என் தோளில் ஒருமுறை போட்டார். நான் கையைப் பார்த்தேன், எடுத்துவிட்டார்.

பையன் கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதித்துக் கொடுப்பவன். என் மகள் கண்ணாடி மாற்றப் போனபோது பழக்கமானவன். எட்டு மாதமாகப் பேச்சு. அதற்கு முன் ஏழு வரன்களை அவள் ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளியிருக்கிறாள். ஒருவன் சாப்பிடும்போது போனைத் தட்டில் சாய்த்து வைத்தான், இன்னொருவன் அவளுடைய சம்பளத்தைக் கேட்டுவிட்டு அவளுடைய வேலையைக் கேட்கவில்லை, இப்படி. முப்பத்து மூன்று வயதில் அவளாகத் தேர்ந்தெடுத்தவன் இவன். இந்த எட்டு மாதமாக அவள் குளியலறையில் பாடுகிறாள். தாயில்லாத வீட்டில் அந்தச் சத்தம் என்ன என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

கடைக்கு வருகிறேன். பணம் வாங்க மனிதர்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் "மூடப்பட்டுள்ளது" என்று அட்டை. மீதியெல்லாம் இயந்திரம். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், காரில் வந்தவர்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, கடைக்காரன் செய்ய வேண்டிய வேலையைக் கூலியில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். செய்துவிட்டுப் பெருமையாகவும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பொருளை விளக்கில் காட்டினால் இயந்திரம் 'பீப்' என்கிறது. அதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில், ஆசிரியர் 'சரி' போட்டுவிட்ட பிள்ளையின் களை. கடைசியில் ஒரு பெண் குரல் எல்லாருக்கும் ஒரே மாதிரி நன்றி சொல்கிறது. யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லும் நன்றிக்கு என்ன மதிப்பு?

"சம்பந்தி, இதெல்லாம் உங்களுக்குப் புதுசா இருக்கும்" என்றார் தரகர். "நீங்க தள்ளி நில்லுங்க. நான் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன்."

"ஆள் இருக்கிற இடம் திறக்கட்டும். காத்திருக்கலாம்" என்றேன்.

"அதைத் திறக்கிறதுக்குள்ள உங்க பொண்ணுக்குப் பேரன் பொறந்துடுவான்."

அவர் மட்டும் சிரித்தார்.

நான் குனிந்து இயந்திரத்தின் எடைத்தட்டைப் பார்த்தேன். பக்கவாட்டில் துறையின் முத்திரை ஒட்டியிருந்தது. தேதி தவறவில்லை. காலி நிலையில் பூஜ்யம் காட்டியது. தராசில் குற்றமில்லை. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம், பின்னால் அவர் தராசின் மேலேயே பழி போட்டார்.

செர்ரிப் பழப் பையைத் தட்டில் வைத்தார். திரையில் காய்கள், பழங்களின் படங்கள் வந்தன. எது என்று வாங்குகிறவர்தான் விரலால் தொட்டுச் சொல்ல வேண்டும். அவர் வெங்காயத்தைத் தொட்டார்.

விரல் தவறிவிட்டது என்று நினைத்தேன். திராட்சையை வைத்தார். வெங்காயம். பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கியிருந்த உயர்ந்த ரக ஆப்பிள்களைப் பையில் கொட்டி வைத்தார். அதுவும் வெங்காயம், இருப்பதிலேயே மலிவானது. மூன்று முறை ஒரே இடத்துக்குப் போகிற விரல் தவறுகிற விரல் அல்ல.

"சம்பந்தி, என்ன செய்றீங்க?"

"சத்தமாப் பேசாதீங்க" என்று கண்ணடித்தார். "பில் போடுற வேலையை நம்ம தலையில கட்டிட்டான்ல? சம்பளம் குடுத்தானா? அப்ப நம்மளேதான் எடுத்துக்கணும். ஊரே இதைத்தான் பண்ணுது."

பணியிலிருந்த காலத்தில் தட்டின் அடியில் மெழுகு ஒட்டியவனைப் பார்த்திருக்கிறேன். காந்தம் வைத்தவனைப் பார்த்திருக்கிறேன். மின்விசிறிக் காற்றைத் தட்டின் மேல் திருப்பி வைத்தவனையும் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் குறைந்தபட்சம் கொஞ்சம் மூளையைச் செலவழித்தார்கள். பிடிபட்டால் வெட்கப்பட்டார்கள். படித்த பையனின் தகப்பன், வருங்கால மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு படத்தைத் தொட்டுத் திருடியதை அன்றுதான் பார்த்தேன். திருட்டுக்கும் தரம் போய்விட்டது.

எல்லாவற்றையும் எடுத்து உரிய படத்தைத் தொடச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இயந்திரத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பணியாளர் அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அட்டை, கையில் ஒரு சின்னக் கருவி, காலில் வீக்கம். மூடிக்கிடந்த அந்த நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம். இப்போது பன்னிரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஓடுகிறார்.

"சும்மா செக்கிங்தான் சார். நடுநடுவுல வரும். பையைக் கொஞ்சம் காட்டுங்க."

பார்த்தார். கருவியைப் பார்த்தார். மறுபடி பைக்குள் பார்த்தார்.

"நாலு கிலோ வெங்காயம்னு இருக்கு சார். பையில ஒரு வெங்காயம்கூட இல்லையே."

"உங்க தராசு சரியில்லம்மா" என்றார் தரகர்.

"தராசு எடைதான் சார் சொல்லும். பேரை நம்மதான் சொல்லணும்." குரலை உயர்த்தாமல் சொன்னார். "பரவாயில்ல, தப்பா அமுக்கிடறது நடக்கிறதுதான். அமுக்கினவங்க பேரை இந்தத் தாள்ல எழுதி ஒரு கையெழுத்து போட்டுட்டா, திருத்திக் குடுத்துடுவேன். முதல் தடவைன்னா அதோட முடிஞ்சுது. அதே பேர் ரெண்டாவது தடவை வந்தா மட்டும் மேனேஜர் போலீஸுக்குச் சொல்லிடுவார்."

தரகரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பெயர் அந்தத் தாளில் ஏற்கெனவே ஒருமுறை ஏறிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"யார் சார் அமுக்கினது?"

தரகர் என் பக்கம் கையைக் காட்டினார். அதே விரல்.

"பெரியவர்தாம்மா. கண்ணு சரியாத் தெரியாது. வேண்டாம்னு சொன்னாலும் கேக்காம ஆசையா அமுக்கிப் பார்த்தார். வயசானவங்க, என்ன பண்றது?"

மூன்று வாரத்துக்கு முன்தான் அவருடைய மகனே என் கண்களைச் சோதித்திருந்தான். இருட்டறையில் உட்கார வைத்து, கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்லி, "மாமா, உங்க வயசுல இப்படிப் பார்வை நான் பார்த்ததில்ல" என்று அவனே சொன்னான். இப்போது அவன் என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றான். தகப்பனைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு, பக்கத்து அலமாரியில் தொங்கிய பேட்டரிகளை வாங்கப்போகிறவன் போலப் பார்த்தான்.

பணியாளர் அம்மாள் என்னிடம் திரும்பினார். "ஐயா, நீங்கதான் அமுக்கினீங்களா?"

என் முகத்தைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டார். அந்தக் கடையில் அன்று என்னிடம் ஒழுங்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

என்னை அறிந்தவர்கள் இப்போது ஒன்று நினைப்பார்கள்: அந்தத் தரகரை அங்கேயே நாறடித்திருப்பேன் என்று. நியாயப்படி அதைத்தான் செய்திருக்க வேண்டும். எத்தனை கடைக்காரர்கள் எத்தனை உறைகளை மேசைக்கு அடியில் நீட்டியிருக்கிறார்கள். ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. என் பெயர் எந்தத் தாளிலும் தவறான பக்கத்தில் இருந்ததில்லை. ஆனால் நான் மறுத்தால் மேனேஜர் வருவார், கேமராவைப் பார்ப்பார், போலீஸ் வரும், கல்யாணம் நிற்கும். கையெழுத்துப் போட்டால் கண் தெரியாத கிழவன் ஒருவன் தப்பாக அமுக்கினான், அவ்வளவுதான்.

என் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாளைக் கொடும்மா" என்றேன். ஆமாம் என்று சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். தரகரை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அந்த நிமிஷத்தில் என்னை அதைவிடக் கேவலமாக நினைத்தேன்.

"அதான், பெரிய மனுஷன்" என்றார் தரகர்.

"ஒரு நிமிஷம்" என்றாள் என் மகள். என்னிடம் அல்ல, பையனிடம். "போன மாசம் எங்கப்பாவுக்குக் கண்ணு பார்த்தது யாரு?"

"நான்தான்."

"என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" பையனின் குரல் தாழ்ந்தது. "மாமா ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுடும். சின்ன விஷயம்."

"யாருக்குச் சின்ன விஷயம்?"

"இங்க பாரு, எங்கப்பாவை நான் எப்படி..."

"எங்கப்பாவை மட்டும் நான் எப்படி?"

தரகர் நடுவில் புகுந்தார். "டேய் தம்பி, பார்த்துக்க. இப்பவே கேள்வி கேக்குது. கல்யாணத்துக்கு அப்புறம் உன்னையே நாற்காலியில உக்கார வச்சு எழுத்துப் படிக்கச் சொல்லும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பையனும் கொஞ்சம் சிரித்தான். அவன் சிரித்திருக்க வேண்டாம்.

என் மகள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, என் சட்டைப் பையிலேயே செருகினாள். பணியாளர் அம்மாளிடம் சொன்னாள்: "அக்கா, எங்கப்பா இந்த மெஷினைத் தொடவே இல்ல. மேனேஜரைக் கூப்பிடுங்க. கேமராவைப் பாருங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கேயேதான் நிக்கறோம்."

"பாப்பா, வேண்டாம்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் சும்மா இருந்தேன்.

தரகருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. மணி அடிக்காத போன். காதில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, சொல்லுங்க, அந்த மனைதான்" என்று பேசியபடியே வாசலைத் தாண்டினார். பழப்பை தட்டிலேயே கிடந்தது. பையன் வாசலைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். "அப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேனேஜர் வந்தார். கேமராவைப் பார்க்க உள்ளே போய் வந்தார். என்னைப் பார்த்து, "ஸாரி சார், நீங்க போகலாம்" என்றார். போகலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை என்பதைச் சொன்னேன். பையன் வருகிறானா என்று என் மகள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பணியாளர் அம்மாள், கேட்காமலேயே, மூடிய இடத்திலிருந்த நாற்காலியின் அட்டையை எடுத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. பதினைந்து நிமிடம் ஆனது. வெளியே வந்தோம். வண்டி இருந்த இடம் காலியாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"பேனாவைத் திறந்துட்டீங்களேப்பா" என்றாள்.

"திறந்தேன்."

"எனக்காகவா?"

பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று இரவே அவனுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அவன் அரை மணி நேரம் பேசினான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். தலையிடவில்லை.

இப்போது உறவுக்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு உலவுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் பழம் திருடும்போது என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார்களாம். அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்று பையன் வீட்டார் எழுந்து போய்விட்டார்களாம். அது போதாதென்று இன்னும் ஒரு கிளைக்கதையும் சேர்ந்திருக்கிறது: என் வீம்பால்தான் மகளின் கல்யாணம் நின்றதாம்.

என்னை யாரும் பிடிக்கவில்லை. அவர்கள் எழுந்து போகவில்லை, ஓடிப்போனார்கள். நான் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன். வேண்டாம் என்று சொன்னவள் என் மகள்.