அவசரக்குடுக்கையின் நிதானமான பம்ப்

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு திரிகிற ஆளிடம் போய், இருப்பதிலேயே மெதுவாக ஓடும் பம்பைச் செய்யச் சொன்னது யார் புத்தி என்று அந்தப் பட்டறையில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆளுக்கு அங்கே அவசரக்குடுக்கை என்று பெயர். கூப்பிட நீளமாக இருக்கிறதென்று குடுக்கை ஆக்கிவிட்டார்கள். அடுத்தவர் தும்முவதற்குள் கைக்குட்டையை நீட்டிவிடுகிற ரகம்.

அவர் செய்த பம்ப் அவருக்கு நேரெதிர். மருந்துத் திரவம் ஒன்று அமிலத்தோடு கலந்து ஒரு மணி நேரம் ஊற வேண்டும். அப்போதுதான் அதிலுள்ள கிருமிகள் சாகும். முன்பெல்லாம் பெரிய தொட்டியில் ஊற்றி மூடிவைத்தால் முடிந்தது வேலை. இப்போது தொழிற்சாலை நிற்காமல் ஓடுகிறது. ஒரு பக்கம் திரவம் வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் நீளமான குழாயைச் சுருட்டிவைத்து, அதற்குள் திரவத்தை நத்தை வேகத்தில் தள்ள வேண்டும். உள்ளே போன எந்தச் சொட்டும் அறுபது நிமிடத்துக்கு முன்னால் வெளியே தலைகாட்டக் கூடாது. காட்டினால், உயிரோடு ஒரு கிருமி மருந்துக்குள் போய்விடலாம்.

இரண்டு வருட உழைப்பு. அன்று நான்கு மணிக்கு மருந்துக் கம்பெனியின் தலைமை இன்ஜினியரம்மா வருகிறார். மூன்று சோதனை ஓட்டமும் தேறினால் பம்ப் அவர்கள் தொழிற்சாலைக்குப் போகும். இல்லாவிட்டால் அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள், இது பரணுக்குப் போகும்.

தேறியதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் தர ஆய்வாளர். அவர் குடுக்கையின் மனைவி. வீட்டில் நீ, வா, போ. பட்டறை வாசலைத் தாண்டியதும் சார், மேடம். அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது ஃபிட்டரின் தினசரி வேலைகளில் ஒன்று.

பம்பின் வாயில் நீலச் சாயம் விட்டு, சுருளின் மறுமுனையில் நீலம் எப்போது தெரிகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. முதல் இரண்டு ஓட்டத்திலும் அறுபத்தோராவது நிமிடத்தில் தெரிந்தது. மூன்றாவதில் குடுக்கை, “விட்டுட்டேன் மேடம்!” என்று குரல் கொடுக்க, சுருளுக்கு அந்தப் பக்கம் மனைவி கடிகாரத்தை அமுக்கினார். கொஞ்ச நேரம் குட்டிபோட்ட பூனையாய்ச் சுற்றிவந்த குடுக்கை, பிறகு டீ வாங்கப் போனார். திரும்பியபோது மனைவி நோட்டில் எழுதி முடித்திருந்தார்.

“என்ன மேடம், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே?”

“வந்துடுச்சு சார்.”

“எது?”

“நீலம். அம்பத்தேழே கால்.”

“கண்ணைத் தொடச்சிட்டுப் பாத்தியா நீ?” சாரும் மேடமும் காற்றில் பறந்தார்கள்.

“ரெண்டு தடவை தொடச்சேன். மொதல் தடவை பாக்கறதுக்கு. அடுத்த தடவை உனக்காக.”

ஃபிட்டர் மெல்ல வாயைத் திறந்தார். “அண்ணி, மூணு நிமிஷம்தானே...”

“அந்த மருந்தை உங்க பொண்ணுக்கு ஏத்தலாமாண்ணே?”

“நான் ஒண்ணும் சொல்லலை” என்று ஃபிட்டர் ஸ்பானரைத் தேடப் போய்விட்டார். ஸ்பானர் அவர் கையிலேயே இருந்தது.

மனைவி கணவரை உற்றுப் பார்த்தார். “முழியே சரியில்லையே. என்ன பண்ணினே?”

காலிச் சுருளைத் தண்ணீரால் நிரப்பும்போது மட்டும் பம்பைப் பத்து மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். நிரம்பியதும் குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் சாயம் விட வேண்டும். நான்கு மணிக்குள் முடிக்கிற பரபரப்பில் குடுக்கை முதலில் சாயத்தை விட்டுவிட்டார், பிறகு குமிழைத் திருகினார்.

“இருபது, இருபத்தஞ்சு செகண்டுதான் இருக்கும்.”

“பத்து மடங்கு வேகத்துல! நாலு நிமிஷம் அங்கேயே போச்சு.”

“அப்ப பம்பு மேல தப்பே இல்லை! எல்லாம் என் மேலதான்!” தன் தப்பை இவ்வளவு ஆனந்தமாக ஒருவர் ஒப்புக்கொண்டு அந்தப் பட்டறை பார்த்ததில்லை. “நோட்டுல அதை அடிச்சிடு, மறுபடி ஓட்டலாம்.”

“அடிக்க மாட்டேன். நாளைக்கு இதை ஓட்டப்போறது நீ இல்லை. உன்னை மாதிரியே ஒருத்தன், வீட்டுக்குக் கெளம்பற அவசரத்துல. அவன் கையை உன் பம்பு தடுக்கலையே.”

“பதினோரு வருஷமா என் கையை உன்னாலயே தடுக்க முடியலை. பம்பு தடுக்குமா?”

“என்னால முடியாததை அதாவது செய்யட்டும்.”

குடுக்கைக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நான்கு மணிக்கு இன்ஜினியரம்மா வந்ததும், மனைவி நோட்டைத் திறப்பதற்கு முன் அவரே சொல்லிவிட்டார். பம்ப் தேறவில்லை, காரணம் என் கை, அதைத் தடுக்க இதில் வழியில்லை. பக்கத்தில் நின்ற மனைவி, யாருக்கும் தெரியாமல் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஜினியரம்மா யோசித்தார். “திங்கக்கெழம வர்றேன். ரெண்டு ஓட்டம் முன்னாடியே முடிச்சிருங்க. மூணாவது என் கண்ணு முன்னால. அதுல தேறலைன்னா வேற எடம்தான்.”

நான்கு நாள். குடுக்கையும் ஃபிட்டரும் பம்பைப் பிரித்து மேய்ந்தார்கள். இப்போது வேகம் குறைந்த பிறகுதான் மருந்தோ சாயமோ வரும் வழி திறக்கும். திறந்துவிட்டால், குமிழை என்ன திருகினாலும் பம்ப் காதில் போட்டுக்கொள்ளாது.

திங்கட்கிழமை நால்வரும் சுருளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிடம் குடுக்கை கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்தில் கால் ஆடத் தொடங்கியது. ஐம்பதாவது நிமிடத்தில், யாரும் சொல்லாமலே, அவருடைய வலது கை எழுந்து போய்க் குமிழை வேகப் பக்கமாக ஒரே திருகு திருகியது.

“ஐயோ!” என்றார் குடுக்கை, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். பம்ப் மட்டும் அதே நத்தை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அறுபத்தோராவது நிமிடத்தில் நீலம் வந்தது. இன்ஜினியரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்படி ஒரு சோதனை வேணும்னு கேக்க நெனைச்சேன், கூச்சமா இருந்துச்சு. சார் அவராவே பண்ணிட்டார். அனுப்பி வைங்க.”

மனைவி கையெழுத்துப் போட்டார். குறிப்பு எழுதும் கட்டத்தில், அடக்க முடியாத சிரிப்போடு, அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘ஐம்பதாவது நிமிடத்தில் வடிவமைப்பாளர் குமிழைத் திருகினார். பம்ப் அவரை மதிக்கவில்லை. திருப்தி.’