வேன் கேட்டிருந்தேன்

1

இந்தக் கதை முதலில் ஒரு புகார்க் கடிதமாக இருந்தது. வாடகைக் கார் நிறுவனத்துக்கு எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. அடுத்த வரியில் கோபம் வந்தது, கோபத்தில் உவமை வந்தது, உவமை வந்த பிறகு அது எப்படிப் புகாராக இருக்கும்? ஒரு பக்கம் முடிவதற்குள் எங்கள் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சரி, கதையாகவே எழுதித் தொலைப்போம் என்று தாளை மாற்றினேன்.

விஷயம் சின்னது. நான் பதிவு செய்தது ஒரு வண்டி, கொடுத்தது வேறு வண்டி. தினமும் யாருக்காவது நடக்கிறது. இதற்கெல்லாம் ஒரு கதையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

தொடக்கம் ஒன்று: அன்று மதிய வெயில் தார்ச்சாலையின் மேல் ஒரு…

(வேண்டாம். வெயிலில் தொடங்கிய கதைகள் என்னிடம் ஏற்கெனவே பதினொன்று இருக்கின்றன.)

தொடக்கம் இரண்டு: சாவி என்பது வெறும் இரும்பல்ல, அது…

(இதை எழுதிய கையை என்ன செய்யலாம்?)

தொடக்கம் மூன்று: எங்கள் அப்பாவால் வலது காலை மடக்க முடியாது.

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

2

எங்கள் அப்பாவால் வலது காலை மடக்க முடியாது. தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் பட்டை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முழங்கால் சில்லு மூன்றாக உடைந்திருந்தது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த மறுநாள், அவளுக்கு மாற்றுத் துணி எடுக்கிறேன் என்று நாற்காலிமேல் ஏறி விழுந்தார். எழுபத்து மூன்று வயதில் நாற்காலிமேல் ஏறாதே என்று அவரை அதட்டக்கூடிய ஒரே ஆள் அன்று வீட்டில் இல்லை.

அம்மாவுக்குத் தலைக்குள் கட்டி. வீக்கம் வடியட்டும் என்று மருந்து கொடுத்துக் காத்திருந்தார்கள். நகரத்தின் ஒரு கோடியில் அவள், மறு கோடியில் எலும்பு ஆஸ்பத்திரியில் இவர். இவருக்குப் புண் ஆறாமல் சீழ் வைத்துவிட்டதால் அங்கிருந்து அசைய விடவில்லை. நாற்பத்திரண்டு நாள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. போன் திரையின் வெளிச்சம் பட்டாலே அம்மாவுக்குத் தலை பிளந்தது, அதனால் அந்த வழியும் இல்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அறுவை. பெரிய டாக்டர் அக்காவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "பாதிக்குப் பாதி" என்றார். முந்தைய நாள் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை பார்வையாளர் நேரம். அதற்குள் அப்பாவை அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எங்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடைசி வாரம்தான் அப்பாவை ஓரிரு மணி நேரம் வெளியே விடச் சம்மதித்தார்கள். டாக்சியில் ஒருமுறை முயன்றோம், கால் கதவுக்கு வெளியே நின்றது. ஆம்புலன்ஸ்காரர்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்களாம், மனைவியைப் பார்க்கக் கொண்டுபோக மாட்டார்களாம். ஆகவே வேன். பக்கவாட்டில் நகரும் கதவு, சமமான தரை, சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றிவிடலாம். நான்கு நாள் முன்னதாகவே பதிவு செய்தேன்.

(என் பிரதியை முதலில் படிப்பது அக்கா. பென்சிலால் ஓரத்தில் எழுதுவாள். இந்த இடத்தில் எழுதியிருப்பது: 'பதிவு பண்ணச் சொன்னது நான். நாலு தடவ சொன்னேன்.' உண்மைதான்.)

3

கவுண்டரில் இருந்த பெண்ணைச் சிரித்தமுகம் என்றே சொல்கிறேன். நான் என்ன சொன்னாலும் அந்தச் சிரிப்பு இம்மிகூடக் குறையவில்லை.

"சார், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி!" என்று சாவியை நீட்டினாள்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு மஞ்சள் கார் நின்றது. இரண்டே கதவு. கூரை இல்லை.

"நான் வேன் கேட்டிருந்தேன்."

"ஆமா சார். இது அதவிட ரெண்டு படி மேல. கூடுதல் கட்டணம் எதுவும் கிடையாது!"

"எனக்கு மேல எல்லாம் வேண்டாம்மா. வேன்தான் வேணும்."

"வேன காலைலயே ஒரு கால்பந்து டீம் எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்."

"அது நான் பதிவு பண்ணின வேன்."

"நீங்க பதிவு பண்ணது வண்டி இல்ல சார், வகை. 'அல்லது அது போன்றது'ன்னு கீழ போட்டிருக்கும் பாருங்க."

"இது வேன் போன்றதா?"

அவள் திரும்பி அந்த மஞ்சள் காரை ஒருமுறை பார்த்தாள். நேர்மையாகத்தான் பார்த்தாள். "நாலு சக்கரம் இருக்கே சார்" என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். அது என் விஷமம். அவள் உண்மையில் சொன்னது இது:

"உங்க குறிப்பப் படிச்சுட்டுத்தான் சார் இத எடுத்து வெச்சேன். படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

4

எழுதாமல் தாண்டிவிடலாம் என்று நான் நினைத்த பகுதி இது.

பதிவுப் படிவத்தில் 'சிறப்புத் தேவை' என்று ஒரு கட்டம் இருந்தது. சாதாரண மனிதன் அதில் என்ன எழுதுவான்? 'கால் மடக்க முடியாதவர், சக்கர நாற்காலி.' முடிந்தது. முப்பது வருடமாகக் கதை எழுதுகிறவன் என்ன எழுதுவான்? தொடக்கம் எழுதுவான். சிரித்தமுகம் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள்:

'நாற்பத்திரண்டு நாள் நான்கு சுவருக்குள் கிடந்த ஒரு மனிதர், நாற்பத்தைந்து ஆண்டு உடன் வாழ்ந்த மனைவியைப் பார்க்கப் புறப்படுகிறார். வானமும் காற்றும் அவருக்கு மறந்தே போயிருக்கும். அவருடைய வல'

அத்தோடு கட்டம் நிறைந்துவிட்டது. வலது கால், சக்கர நாற்காலி, சமமான தரை எல்லாம் அடுத்த பத்தியில் வைத்திருந்தேன். முக்கியமானதைக் கொஞ்சம் தள்ளி வைப்பதுதானே எழுத்துக்கு அழகு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதைப் போட்டவள் அவள் என்று அரைமணி நேரம் கத்தியிருக்கிறேன்.

(அக்கா: 'இத விட்டுடுவியோன்னு பாத்தேன். போட்டுட்ட. நல்ல புள்ள.')

வேறு கிளையிலிருந்து வேன் வரவழைக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள். அப்போதே மணி இரண்டே முக்கால். சாவியை வாங்கிக்கொண்டேன். "இனிய பயணம் சார்!" என்றாள்.

5

எலும்பு ஆஸ்பத்திரி வாசலில் அக்கா காத்திருந்தாள்.

"என்னடா இது?"

"வண்டி."

"வேன் எங்கடா?"

"இதுதான் வேன்."

அக்கா என்னை அடிக்கவில்லை. இரண்டு கையிலும் மருந்துப் பை இருந்தது.

அப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடி காரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலைக்கு எண்ணெய்கூட வைத்திருந்தார். "கூரைய மறந்துட்டாங்களா?" என்றார். பிறகு, "எப்படியாவது ஏத்துங்கப்பா, மணி ஆகுது" என்றார்.

வார்டு ஊழியர்கள் இருவர் அவரைத் தூக்கி, மேலிருந்து பின் இருக்கையில் குறுக்காக இறக்கினார்கள். கால் பக்கவாட்டில் ஒன்றரை அடி வெளியே நீண்டது. கம்பி ஏற்றிய லாரிக்குக் கட்டுவதுபோல் அவர்களில் ஒருவர் பாதத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டார். சக்கர நாற்காலிக்கு இடமில்லை, அங்கேயே விட்டோம். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் கால் ஆடியது, கால் ஆடினால் அப்பா கத்தினார், அப்பா கத்தினால் அக்கா என் தோளில் குத்தினாள். பின்னால் வந்த நகரமே ஹாரன் அடித்தது.

காற்று முகத்தில் பட்டதும் அவர் கண்கள்…

(கண்ணில் தூசி விழுந்தது. வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.)

போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி ஆகி ஏழு நிமிடம்.

6

"அஞ்சோட முடிஞ்சுது" என்றார் காவலாளி.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன்ங்க. அவரு பாக்கணும்" என்றாள் அக்கா.

"இங்க எல்லாருக்கும் நாளைக்கு ஏதோ ஒண்ணு இருக்கும்மா."

அக்கா அவரோடு சண்டைக்கு நின்றாள். எனக்கும் யாரையாவது திட்டியாக வேண்டும். காவலாளியைத் திட்டினால் நாளைக்கும் விட மாட்டார். அப்பாவைத் திட்ட முடியாது. கார் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லிவிட்டு வயலின் வாசிக்க விட்டார்கள். வயலினைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன்.

"எந்த ஜன்னல்?" என்றார் அப்பா.

"ரெண்டாவது மாடி. நீலத் திரை."

முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, அவர் பின் இருக்கையின்மேல் எழுந்து நின்றார். நான் ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்தேன். எங்கள் அப்பா தெருவில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"டீச்சரம்மா!"

அம்மா முப்பது வருடம் கணக்கு டீச்சர். கல்யாணமான வாரத்தில் கிண்டலாகக் கூப்பிடத் தொடங்கியது, அப்புறம் அவருக்கு வேறு பெயரே வாயில் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டார். இரண்டு ஜன்னல்களில் அம்மா இல்லாத யாரோ எட்டிப் பார்த்தார்கள். நீலத் திரை விலகி ஒரு நர்ஸ் பார்த்தாள், உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த நர்ஸின் தோளில் சாய்ந்தபடி, மொட்டைத் தலையோடு எங்கள் அம்மா வந்து நின்றாள்.

வேனாக இருந்திருந்தால் மேலிருந்து அவளுக்கு ஒரு வெள்ளைக் கூரைதான் தெரிந்திருக்கும். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா? சிரித்தமுகத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன்.

அம்மா கையைத் தூக்கினாள். விரல்களைச் சேர்த்து இரண்டு முறை அசைத்தாள். உதடும் அசைந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து எதுவும் கேட்கவில்லை. 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டதாக அப்பா சொல்கிறார். 'உட்காருங்க, விழுந்துடப்போறீங்க' என்றதாக அக்கா சொல்கிறாள். சண்டையின் நடுவே திரும்பிப் பார்த்தாளாம். எனக்கு அது 'வா' என்பதுபோல் இருந்தது. பிறகு திரை மூடிக்கொண்டது. அப்பா உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

7

முடிவு ஒன்று: மறுநாள் அறுவையிலிருந்து அம்மா திரும்பவில்லை. அந்தக் கையசைப்பே கடைசி.

கதைக்கு இது பொருத்தமான முடிவு. இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். எழுதும்போது அழுதேன், அழுதுகொண்டே ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினேன். அக்கா படித்தாள். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் கதை முடியணும்னா அம்மாவக் கொல்லுவியாடா?" என்று மட்டும் கேட்டாள். கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. அம்மா பிழைத்துக்கொண்டாள். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது. ஆனால் கட்டியை எடுத்தபோது அதற்கு முந்தைய சில வாரங்களும் அவளிடமிருந்து போய்விட்டன. அப்படித்தான் ஆகும், திரும்பி வராது என்றார் டாக்டர்.

அப்பா ஊன்றுகோலோடு அவளைப் பார்க்கப் போன அன்று, "உங்களப் பாத்து ரெண்டு மாசமாச்சு" என்றாள் அம்மா.

"அன்னிக்கு வந்தேனே, ஆபரேஷனுக்கு முன்னாடி. நீ கை காட்டின."

"எங்க வந்தீங்க?"

"தெருவுல. மஞ்சக் கார்ல நின்னேன். கூரை இல்லாத கார்."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது நீ கட்டின கதைதானே?"

அக்கா சத்தியம் செய்தாள். "நீ எப்பவும் உங்கப்பா கட்சி" என்றாள் அம்மா. அந்த நர்ஸ் வேலையை விட்டு எங்கோ போய்விட்டாள். புகைப்படம் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். அக்கா காவலாளியோடு இருந்தாள், என் போன் வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. இல்லை என்றேன்.

"வேன்ல வந்தாருன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்" என்றாள்.

அவளுக்குக் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பார்க்க வருகிறவர்களிடம், "பாவம், காலு அப்படி. அவரால வர முடியல. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்கிறாள். செய்யாத தப்புக்கு அப்பா தினமும் மன்னிக்கப்படுகிறார். அப்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கிறார். எழுதுகிறவன்தானே, ஏதாவது செய்யேன்டா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

8

ஆகவே எழுதினேன். இனி இது உங்கள் பாடு.

அம்மாவின் கை என்ன சொன்னது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காரின் நிறத்தை மாற்றுங்கள், காவலாளியை நல்லவராக்குங்கள், என்னைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டாலும் வருத்தமில்லை. ஆனால் ஐந்து மணி கடந்து, அந்தத் தெருவில், ஒற்றைக் காலில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்ட அந்த மனிதரை மட்டும் அங்கிருந்து இறக்கிவிடாதீர்கள்.

நாளைக்கு இதை அம்மாவிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய் என்பாள். அதாவது, நம்ப மாட்டாள். அப்பாவையும் அக்காவையும் என்னையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். உங்களைத் தெரியாது. நீங்கள் சொன்னால் ஒருவேளை நம்புவாள். அவர் வந்தார் என்று சொல்லுங்கள்.