தண்ணீருக்குள் ஒரு பள்ளிக்கூடம்

"பிள்ளை, மத்தியானம் உங்கட வீட்டில எத்தினை சோத்துப் பீங்கான் கழுவுறனீர்?"

அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த பூபாலசிங்கம் என்னிடம் அப்படிக் கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றார்.

ஒருகொடவத்தைக்கு அப்பால், சதுப்பை மண் போட்டு நிரப்பிக் கட்டிய தொடர்மாடிகளுக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருடம். ஏழு கட்டடங்களுக்கு நடுவே ஒரு பெரிய காணி சும்மா கிடந்தது. நாற்பது பிள்ளைகள் இருந்தால் அதில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் விளையாட்டு மைதானமும் வரும். இல்லாவிட்டால் லொறிகள் நிற்கும். அதற்குத்தான் அவர் கணக்கெடுக்க வந்தார்.

மழை பெய்தால் அந்தக் காணியில் தண்ணீர் தேங்கும். வானமும், எங்கள் கொடிகளில் காயும் துணிகளும் அதில் தலைகீழாகத் தொங்கும். நான் யன்னலில் இருந்து அதற்குள் பள்ளிக்கூடத்தைக் கட்டுவேன். நீளமான விறாந்தை, பின்னால் இரண்டு ஊஞ்சல். காற்று வந்தால் சுவர்கள் நெளியும், பிறகு மெல்ல நிமிர்ந்துகொள்ளும். எந்த வாங்கில் யார் இருப்பார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஏழு கட்டடங்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், பெயரோடும் வயதோடும். கடைசி வாங்கில் நானும் தங்கையும் இருந்தோம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடமிருந்தது. தங்கை மரியகொறற்றி அங்கே தங்கிப் படித்தாள். இரண்டு பஸ் மாறிப் போய்வர எனக்குப் பயம்.

இங்கே வந்த எல்லோரும் செய்ததைத்தான் அம்மாவும் செய்திருந்தார். விலாசம் மாறினால் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இடம் போய்விடும் என்று, பிள்ளைகளின் பங்கீட்டு அரிசிக் கூப்பன் புத்தகங்களை அங்கே சொந்தக்காரர் விலாசத்திலேயே விட்டிருந்தார்கள். பிள்ளைகள் விடியற்காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்பினார்கள். கூப்பன்படி ஏழு கட்டடங்களிலும் ஒன்பது பிள்ளைகள்தான்.

நான் இரண்டு நாள் நின்று போக வந்தவள் என்று அம்மா அவரிடம் சொல்லியிருந்தார். பூபாலசிங்கம் வெளியே பார்த்தார்.

"சின்னச் சட்டையெல்லாம் கொடியில காயுது. போடுறதுக்கு ஒருத்தருமில்லையாம்."

"அது மழையில சுருங்கினது, மாத்தயா," என்று சிரித்தார் எதிர்வீட்டு மெற்றில்டா அக்கா, வாசலில் நின்றபடி.

அதற்குப் பிறகுதான் அவர் பீங்கானைப் பற்றிக் கேட்டார்.

"மூண்டு," என்றேன். "அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. ஒவ்வொரு நாளும்."

உள்ளே போய், அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்திருந்த கொப்பியை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன். அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அறுபத்து மூன்று. அதில் மெற்றில்டா அக்காவின் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"இதை எழுதினா எல்லாற்ற கூப்பனும் இஞ்ச மாறும்," என்று பூபாலசிங்கம் அம்மாவிடம் சொன்னார். "அங்க இருக்கிற மகளின்ர இடமும் போயிடும். எழுதட்டோ?"

அந்த இடத்துக்காக அம்மா ஆறு மாதம் பள்ளிக்கூடத்தை நடத்தும் பங்குச் சுவாமியாரின் விறாந்தையில் காத்திருந்தவர். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் முன்பு கண்டதில்லை.

கீழே காணியில் வெயில் பட்டுத் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. அதில் ஒன்றுமே தெரியவில்லை.

"எழுதுங்கோ," என்றேன்.

அவர் பேனையைத் திறந்தார். அறுபத்து மூன்று பெயரையும் எழுதி முடிக்க வெகுநேரம் சென்றது. பாதியில் அம்மா உள்ளே போனார். பூசைக்கு உடுக்கும் சேலையோடும் குடையோடும் வெளியே வந்தார். கொட்டாஞ்சேனைக்கு, தங்கையைக் கூட்டிவரப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. மெற்றில்டா அக்கா ஒதுங்கி வழிவிட்டார். அம்மா என்னைக் கடந்து படியிறங்கிப் போனார்.