விரால்–ஜிஎஸ்எம்

மனிதகுலத்தின் மீன்பசியைத் தீர்க்கப்போகும் செல்கள் தேனி மண்ணில்தான் பிறக்கும் என்பது வரலாறு என்றோ எழுதிவைத்த தீர்ப்பு. எழுதிய கை, கல்லூரி விலங்கியல் துறைத் தலைவர் ஞானசிகாமணியுடையது. நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தின் முதல் பத்தியில் எழுதினார்.

விரால் மீனின் துடுப்பை நறுக்கிப் பாட்டிலில் ஒட்டவைத்து, அதிலிருந்து செல்களை வருஷக்கணக்கில் சாகாமல் வளர்க்க வேண்டும். பிறகு பண்ணை மீன்களைக் கொல்லும் வைரஸை அவற்றில் ஏற்றி ஆராயலாம். செல்களுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்: விரால்–ஜிஎஸ்எம். தம் பெயரின் ஆங்கில எழுத்துகள்.

"செல்லுக்கு சிம் கார்டும் போடணுமா சார்?" என்றான் ஆய்வக உதவியாளன் சுருளிவேல்.

ஐந்து வருஷம் ஆயிற்று. எந்தச் செல்லும் ஒரு மாதத்துக்கு மேல் தங்கவில்லை.

அதே அறையில், செல்களை இளஞ்சூட்டில் வைக்கும் அதே இன்குபேட்டரின் கீழ்த்தட்டில், உதவிப் பேராசிரியை ஹேமாவதி வைகை அணை ஜிலேபி மீனில் அதே வேலையைத் தொடங்கினாள். "ரோட்டோரம் பொரிச்சு விக்கிற மீனுக்கு ஆராய்ச்சியாம்மா?" என்று ஞானசிகாமணி சிரித்தார். இரண்டே வருஷத்தில் அவள் செல்கள் எழுபது தலைமுறை கண்டன. ஆய்விதழில் கட்டுரை வந்தது. கம்பத்துப் பண்ணைக்காரர்கள் செத்த மீனோடு அவளைத் தேடி வந்தார்கள்.

"சர்ச்சுல ஜிலேபி டீச்சரத் தெரியுமான்னு கேட்டாக," என்றாள் ஞானசிகாமணியின் மனைவி ஜெபஷீலா.

"நீ என்ன சொன்ன?"

"அவுக ரூம்லதான் இவரும் இருக்காருன்னு சொன்னேன்."

அன்று அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டார். அறை ஒன்று, இன்குபேட்டர் ஒன்று. அப்படியானால் சூட்சுமம் அவள் செல்கள் மிதக்கும் சிவப்பு ஊட்டநீரில்தான் இருக்க வேண்டும். கைராசிக்காரி வீட்டு உறைமோர் ஊற்றினால் எந்தப் பாலும் தோயாதா? ஹேமாவதி பண்ணைக்குப் போயிருந்த மதியம், அவள் பாட்டிலிலிருந்து கொஞ்சம் உறிஞ்சித் தம் பாட்டிலில் விட்டார்.

செத்துக்கொண்டிருந்த விரால் பத்தே நாளில் தழைத்தது.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்த ஹேமாவதி நிமிரவில்லை. "என்ன சார், அப்படியே என் செல்லு மாதிரி இருக்கு?"

"பொறாமை கூடாதும்மா."

மாதிரி வடநாட்டுக்குப் போனது. எந்த மீனின் செல் என்பதை டி.என்.ஏ. பார்த்து உறுதிசெய்த பிறகே அங்குள்ள தேசிய மீன்செல் சேமிப்பகத்தில் சேர்ப்பார்கள். பதில் வரட்டும் என்று ஞானசிகாமணி காத்திருக்கவில்லை. பாராட்டு விழா வைத்தார். ஃபிளெக்ஸில் அவர் முகத்துக்குக் கீழே ஒரு விரால், கொஞ்சம் சின்னதாக.

விழா நடுவே சேமிப்பகத்தின் மின்னஞ்சல் வந்தது. கல்லூரி முதல்வர் அதை மைக்கிலேயே வாசித்தார்.

"செல்கள் உயிர்ப்புடன், கிருமித் தொற்றின்றி, மிக நல்ல நிலையில் உள்ளன."

கைதட்டல் அடங்கியதும் அடுத்த வரியை வாசித்தார்.

"இனம்: ஜிலேபி."