குற்றாலம் என்று தேடினால்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த துல்கர்னைன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஹாலில் மண்டியிட்டு, டிவி மேசைக்கு அடியிலிருந்த கறுப்புப் பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டார். இரண்டு செங்கல்லை அடுக்கிவைத்த அளவுதான் அந்தப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. டக் டக் என்று தட்டினால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். தட்டவில்லை. திருப்தியாக எழுந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "மாஜிதா, மூணு டீ" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார்.

சவூதியில், ஜுபைலில் இருபத்திரண்டு வருடம். அதில் கடைசி ஒன்பது வருடம் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில். போன வருடம் கடையநல்லூருக்கே திரும்பி வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் அவர் கையிலேயே வைத்திருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். வீட்டுப் போன்கள் எல்லாம் வீட்டு வைஃபைக்குள் வந்ததும், அன்றைக்கு எடுத்த படங்கள் யாரும் எதையும் அழுத்தாமலே இதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவரைக்கும் எந்த நாட்டிலோ இருக்கும் எவனுடைய கம்ப்யூட்டருக்கோ போய்க்கொண்டிருந்த படங்கள். எட்டு மாதம் உட்கார்ந்து நாற்பத்தோராயிரம் படங்களை ஒழுங்கு செய்தார். ஒரே படம் நாலு தடவை இருந்தால் மூன்றை எடுத்தார். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களைக் கூட்டித் தள்ளினார். பழைய கேமராவில் பேட்டரி செத்துக் கடிகாரம் பின்னால் ஓடியிருந்ததால், மகளின் பூப்பு விசேஷப் படங்கள் அவள் பிறப்பதற்கு முந்தைய தேதியில் கிடந்தன. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஒரு படமும் விடுபடக் கூடாது. தேடாமலே கைக்குக் கிடைக்க வேண்டும். அதுதான் அவருடைய கணக்கு.

போன வாரம் மனைவி மாஜிதாவின் போனும் அவர் கைக்கு வந்தது. இடமில்லை, புதுப்படம் எடுக்க முடியவில்லை என்று அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றினார். அதில், பெட்டிக்குத் தானாகப் போகாதபடி பூட்டுப் போட்ட ஃபோல்டர் ஒன்று இருந்தது. பூட்டின் எண் அவருக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்து யார் ஊருக்குப் போன் வாங்கி அனுப்பினாலும் இமெயில், பூட்டு எண் எல்லாம் அங்கேயே போட்டுத்தான் அனுப்புவார்கள். மகள் பிறந்த வருடத்தை அவர்தான் வைத்திருந்தார். மாஜிதா அதை மாற்றவே இல்லை. மாற்றலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதும் இல்லை. ஃபோல்டரைத் திறந்தார், உள்ளே இருந்ததை ஒரேயடியாக நகலெடுத்தார், 'மாஜிதா போன்' என்று பெயர் வைத்தார். ஒரு படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. முந்நூறு படம், அவ்வளவுதான்.

டீ குடிக்க வந்தவர்கள் இரண்டு பேர். தென்காசியிலிருந்து வந்திருந்த அண்ணன் அகமது கபீர். பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை ஹுஸைஃபா. இரண்டு மாதத்துக்கு முன் இதே தெருவில் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணின் படத்தை யாரோ ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்து, வேறு உடம்போடு ஒட்டிச் சுற்றுக்கு விட்டுவிட்டான். அந்த வீட்டுக் கதவு ஒரு மாதம் திறக்கவில்லை. அதிலிருந்து பள்ளிவாசல் வாசலில் ஆண்கள் செருப்பு மாட்டும்போதெல்லாம் இதே பேச்சு. துல்கர்னைன் பெட்டியைப் பற்றிச் சொன்னார். பார்க்கிறேன் என்று வந்தார் ஹுஸைஃபா. ரியாத்தில் இருக்கும் தன் மகனும் பார்க்கட்டும் என்று வீடியோ காலில் அவனைப் பிடித்து, போனை டிவிக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது சோறு திங்குமா, கரண்டு திங்குமா?" என்றார் ஹுஸைஃபா.

"குண்டு பல்பு அளவுதான் திங்கும். நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்டுச் சுவத்தைத் தாண்டாது. அதுதான் விசயம்."

"புள்ள பொறந்த ஒடனே படம் பெட்டிக்குள்ள போயிரும் போலயே. நாம அப்புறமாத்தான் பாக்கணும்" என்று அண்ணன் சிரித்தார்.

துல்கர்னைனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையிலிருந்த போனிலேயே அழுத்தி, பெட்டியிலிருந்த படங்களை டிவியில் ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரமும் எடுத்த இடமும் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கும். அதை வைத்துத்தான் பெட்டி தேடுகிறது. ஊர்ப்பெயர் கொடுத்தால் அந்த ஊரில் எடுத்தது எல்லாம் வரும். இடம் எழுதாத பழைய படங்களுக்கு அவரே உட்கார்ந்து ஊர்ப்பெயர் போட்டிருந்தார்.

"அப்ப குத்தாலம்னு போடுலே" என்றார் அண்ணன். "வேன் புடிச்சுப் போனோம்லா, அது வருதா பாப்போம்."

போட்டார். அறுபத்து நான்கு படங்கள் வந்தன. ஏழு நொடிக்கு ஒன்றாக ஓடவிட்டார். முதலில் வேன், அப்புறம் சின்னப் பிள்ளைகள், அப்புறம் மெயின் அருவிக்கு முன்னால் நெஞ்சு முழுக்க எண்ணெயைத் தடவிக்கொண்டு பாறைமேல் நிற்கும் அகமது கபீர். "ஏலே, அதை அழிலே மொதல்ல!" என்று அண்ணன் கத்த, ஹுஸைஃபா தொடையில் தட்டிச் சிரித்தார். போனுக்குள்ளிருந்து ரியாத் மகனும் சிரித்தான்.

அடுத்த படம் வந்தது. ஐந்தருவி. கீழே 16 ஜூலை, காலை 6:12 என்று இருந்தது. நனைந்த நைட்டியோடு, இடுப்புவரை அவிழ்ந்து கிடந்த கூந்தலோடு, வாயை முழுசாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண், அவளும் தண்ணீருக்குள் நின்றாள். யார் என்று துல்கர்னைனுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. மாஜிதா அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. நாற்பத்தோராயிரம் படங்களிலும் அவள் உதடு மூடித்தான் இருக்கும்.

நிறுத்துவதற்காகப் போனை அழுத்தினார். அவசரத்தில் நிறுத்துவதற்குப் பதில் இடைநிறுத்தத்தில் விரல் பட்டுவிட்டது. படம் திரை முழுக்க அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினார், அடுத்த படம் வந்தது, அதே முகம் இன்னும் பக்கத்தில். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஹுஸைஃபா டீ டம்ளருக்குள் பார்த்தார். ஆனால் மகனுக்குக் காட்டப் போனை நீட்டியிருந்த கை நீட்டியபடியே இருந்தது.

"வாப்பா," என்று ரியாத்திலிருந்து குரல் வந்தது, "போனைக் கீழ வைங்க."

அண்ணன்தான் எழுந்து போய் டிவியின் வயரைப் பிடுங்கினார். உள்கதவுத் திரைக்குப் பின்னால் முறுக்குத் தட்டோடு நின்றிருந்த மாஜிதா, தட்டைத் தரையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

அவர்கள் போனபிறகு அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் மிதிக்கவில்லை. துல்கர்னைன் நிலைப்படியில் நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று நாலைந்து விதமாக மனதில் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாயில் வந்தது வேறு.

"யாரு எடுத்த படம் அது?"

மாஜிதா நிமிர்ந்து பார்த்தாள். "இதத்தான் கேக்கணும்னு தோணுச்சா ஒங்களுக்கு?"

"இல்ல, நான்..."

"உலகம்மா மவ எடுத்தது. ஐந்தருவில துண்டு, நைட்டி விக்கால்லா, அந்த உலகம்மா. நான் தைச்சுக் குடுத்த நைட்டிதான் அவ கடையில தொங்குது. சீசனுக்கு மூட்டையக் கட்டி மொத பஸ்ல கொண்டுபோய்க் குடுப்பேன். கூட்டம் வருமுன்ன ரெண்டு பேரும் குளிப்போம். பொம்பளைக குளிக்கிற பக்கத்துலதான். ஏழு வருசமாப் போறேன்."

அவர் ஜுபைலிலிருந்து கூப்பிடும்போது சில காலைகளில் போனை எடுக்க மாட்டாள். கேட்டால், மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்பாள். அவரும் மிஷின் சத்தத்தை நினைத்துக்கொள்வார்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா போவாதன்னு சொல்லியிருப்பிய. இல்லன்னா போய்ட்டு வா, படம் அனுப்புன்னு சொல்லியிருப்பிய. எனக்கு ரெண்டும் வேண்டாம்." துணியை மடித்தாள். "பூட்டித்தான வச்சிருந்தேன் மச்சான்? பூட்டியிருந்தா தெறக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"நான் ஒரு படத்தையும் பாக்கல மாஜிதா. சத்தியமா. அப்படியே எடுத்து வச்சேன்."

"நீங்க பாத்திருந்தாக்கூடப் பரவாயில்லயே. என்னப் பெத்தவன் பாக்காத தலைமுடிய, பாக்காமலேயே ஊருக்குக் காட்டிட்டியளே." குரல் உயரவில்லை. "என் விசயம் போட்டும். உலகம்மாளும்லா நிக்கா அதுல. அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? என்னய நம்பித்தான நின்னா?"

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அழித்தார். முதலில் பெட்டியில். அழித்தால் உடனே போகாது, முப்பது நாள் குப்பைக்கூடையில் இருக்கும், அந்தக் கூடையையும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். ஒரு டிஸ்கில் போனால் அதன் ஜோடியிலும் தானாகப் போய்விடும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பீரோவிலிருந்து தனி டிஸ்க் ஒன்றை எடுத்துவந்து அதிலும் அழித்தார்.

"அவ்வளவுதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஏற்பாட்டைப் பற்றி அவரால் ஒருநாளும் பொய் சொல்ல முடிந்ததில்லை. எந்தப் படத்துக்கும் மூன்று நகல் இருக்க வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வீடு தீப்பிடித்தாலும், வெள்ளம் வந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். சர்வர் அறையில் அவர் ஒன்பது வருடம் கட்டிக்காத்த விதி அதுதான்.

"இன்னொன்னு அண்ணன் வீட்ல இருக்கு. தென்காசில. போன ஞாயித்துக்கெழமை குடுத்துட்டு வந்தேன்."

"எம்படமா? ஒங்க அண்ணன் வீட்லயா?"

"பீரோவுலதான் இருக்கு."

"பூட்டு?"

துல்கர்னைன் கையிலிருந்த டிஸ்கின் வயரைச் சுருட்டத் தொடங்கினார். டிஸ்குக்குக் கடவுச்சொல் போடலாம்தான். நாளைக்குத் தனக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகள் திறக்கத் தெரியாமல் திண்டாடும் என்று போடாமல் விட்டிருந்தார். நம்ம அண்ணன் வீடுதானே என்றும் நினைத்திருந்தார்.

மாஜிதா எழுந்து மிஷின் விளக்கை அணைத்தாள். "காலையில மொத வேலையாப் போய் எடுத்துட்டு வாங்க. அழிக்கும்போது நானும் இருக்கணும்."

*

சனிக்கிழமை காலை தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தது அண்ணன்தான். மதினி மகளுடைய பிரசவத்துக்காக மதுரைக்குப் போய்ப் பத்து நாளாகிறது. அந்த வீட்டில் அண்ணன் மட்டும்தான். உள்ளே போனவர் டிஸ்கை ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் தொடக்கூட இல்லலே. நீ வச்ச எடத்துலயே இருந்துச்சு." துல்கர்னைனின் தோளில் கைவைத்தார். "பொம்பளைக அறியாமச் செய்யுறதுதான். நீ வாய விட்டுறாத. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அந்தக் கையின் கனம் துல்கர்னைனுக்கு ஆறுதலாக இருந்தது. பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

மாஜிதா கம்ப்யூட்டர் முன் இரண்டாவது நாற்காலியைப் போட்டு வைத்திருந்தாள். டிஸ்கைச் செருகினார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த டிஸ்க் வெளியிலிருந்து வந்தாலும் முதலில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டுத்தான் பார்ப்பார். படங்களைப் படங்களாகப் பார்க்க மாட்டார், வரிசையாகப் பெயரும் தேதியுமாகப் போட்டுத்தான் பார்ப்பார். ஒவ்வொரு கோப்புக்கும் கம்ப்யூட்டர் மூன்று தேதி எழுதி வைக்கிறது. உண்டான தேதி, மாற்றிய தேதி, கடைசியாகத் திறந்த தேதி. முதல் இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாவது இருப்பது பல பேருக்குத் தெரியாது.

மேலிருந்து கீழே ஓட்டினார். நாற்பத்தோராயிரம் படங்களுக்கும் மூன்றாவது பத்தியில் போன ஞாயிற்றுக்கிழமை, அவர் நகலெடுத்த நாள். 'மாஜிதா போன்' என்பதைத் திறந்தார். அதில் மட்டும் நேற்றுத் தேதி இருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை 5:40. அடுத்த வரியில் 5:40. அடுத்து 5:41.

அண்ணன் நேற்று இங்கிருந்து கிளம்பியது நாலரை மணிக்கு. தென்காசிக்கு அரை மணி நேரம்.

அழிக்கும் பொத்தான் மேல் அம்புக்குறியை வைத்தார். அழித்துவிட்டால் படங்களோடு தேதிகளும் போய்விடும். அப்புறம் இப்படி ஒன்று இருந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இருங்க" என்றாள் மாஜிதா.

எட்டு மாதம் இந்தப் பெட்டியோடு அவர் மல்லுக்கட்டியதில், இது எப்படி வேலை செய்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாமே என்று எத்தனையோ தடவை அவள் அடுப்படிக்குப் போகும் வழியை மறித்து நின்றிருக்கிறார். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசி குத்திக் காய்த்துப்போன ஆட்காட்டி விரலைத் திரையில் வைத்தாள்.

"மொத ரெண்டு வரிசையில எல்லாம் பழைய தேதியா இருக்கு. இந்தக் கடைசி வரிசையில மட்டும் ஏன் நேத்துத் தேதி போட்டிருக்கு?"

அவருடைய விரல் மௌஸிலேயே இருந்தது.

"இது என்ன தேதி மச்சான்?"

மழை சன்னல் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் பதிலுக்குக் காத்திராமல் அவளுடைய விரல் அந்த வரிசையிலேயே கீழே இறங்கியது, 5:43, 5:43, 5:46, ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் நின்று நின்று.