வேனுக்கு அடியில் வெள்ளைப் பொடி

தேவசகாயத்தின் வேனுக்கு அடியில் வெள்ளைப் பொடி கிடந்ததை முதலில் பார்த்தது நான்தான். எங்கள் அபார்ட்மெண்டில் எதையும் முதலில் பார்ப்பது நான்தான். ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுக்க இறங்கினால் ஆறேகாலுக்குத்தான் மேலே ஏறுவேன். “முக்கால் மணி நேரமா பால் பாக்கெட் எடுக்கிறே?” என்பார் என் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி. இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் விழுந்த பிறகும் அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடவில்லை.

அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உட்கார வைத்துக் கூட்டிப்போக முடியாது, படுத்தபடியேதான் போக வேண்டும். அதற்குத்தான் தேவசகாயம். பட்டாளத்தில் வண்டி ஓட்டி ரிட்டையரான நாகர்கோவில்காரர். எங்களுக்குக் கீழ் வீடு. ஸ்ட்ரெச்சர் வைத்த டீசல் வேன் ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறார். சைனிக்புரியில் மிலிட்டரி மீசைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீசையைவிட வண்டியை அதிகம் துடைக்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

அந்த வண்டிக்கு அடியில்தான் கல் உப்பை நுணுக்கித் தூவிய மாதிரி உள்ளங்கை அகலத்துக்குப் பொடி. ஒரு நாள் இல்லை, தொடர்ந்து நான்கு நாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்றாவது மாடி சுமதிக்கும் தேவசகாயத்துக்கும் பார்க்கிங் இடத்தில் தகராறு. சுமதியின் ஊர்ப்பக்கம் செய்வினை வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று யோசித்தால், அநேகமாக நான்தான்.

தினமும் விடிவதற்குள் மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவினேன். தோட்டத்துப் பைப்பை அடியில் நீட்டி வண்டியின் வயிற்றிலும் பீய்ச்சி அடித்தேன். என் வீட்டுக்காரர் படுத்துப் போகிற வண்டியாயிற்றே. பிறகு நான்கு வீட்டில் சொன்னேன். தேவசகாயத்திடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவரிடம் செய்வினையைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

அதே வாரம் வண்டி எண்ண ஆரம்பித்தது. இந்தக் காலத்து டீசல் வண்டிக்கு யூரியாத் தண்ணீரும் தனியாக ஊற்ற வேண்டுமாம். புகைக்குழாய்க்குள் அதைப் பீய்ச்சினால்தான் புகை சுத்தமாகும். பீய்ச்சவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துவிட்டால், இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான், அப்புறம் அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று மீட்டருக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டும். என் மாமியார்கூட இவ்வளவு கணக்காக மிரட்டியதில்லை. சனத்நகர் மெக்கானிக் சாய்குமார் புகைக்குழாயில் ஒரு சென்சாரை மாற்றிப் பார்த்தான். எண் குறைவது நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை நாங்கள் கிளம்பும்போது பத்தொன்பது. செகந்திராபாத் ஆஸ்பத்திரி வாசலில் பத்து. ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதும் தேவசகாயம் இஞ்சினை அணைக்கவில்லை.

“மெஷின்ல நாலு மணி நேரம் இருப்பாருல்லா. அதுக்குள்ள சனத்நகர் போயிட்டு வந்துருதேன்க்கா.”

“நானும் வரேன்.”

“நீங்க எதுக்கு?”

“நக்கோ பேச்சு, ஒண்ணும் பேச வேண்டாம். எடுங்க வண்டியை.”

வம்புக்குப் போனேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். போன மாதம் ஒரு நாள் தேவசகாயம் ஊரில் இல்லாமல் வேறு வண்டி சொல்லி, அது மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. டயாலிசிஸ் முடிந்த என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரி நடையில் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் படுக்கவைத்துவிட்டார்கள். அங்கே அவருக்கு பிரஷர் இறங்கியது. உதடு நீலமாகி, என்னைப் பார்த்து, “சிஸ்டர், என் வைஃப் எங்கே?” என்று கேட்டார். எதையும் நான்கு வீட்டில் சொல்லுகிற நான் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பேகம்பேட் பாலத்தில் ஆறு. ஆட்டோக்கள் இரண்டு பக்கமும் உரச, வண்டி நின்று நின்று போனது. எனக்கு அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சனத்நகர் திரும்பும்போது பூஜ்யம் ஆயிற்று. தேவசகாயத்தின் காதோரம் வேர்வை வழிந்தது. எல்லையில் வண்டி ஓட்டிய மனுஷன், ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கண்டு மூச்சைப் பிடித்தார்.

ஒர்க்‌ஷாப்பில் சாய்குமார், “ஆஃப் செய்யண்டி, அங்கிள்” என்றான். அவனுக்குப் பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

“ஆஃப் பண்ணினா?”

“ஃபால்ட் கிடைச்சா ஸ்டார்ட் ஆகும். கிடைக்கலைன்னா கட்டி இழுக்கணும். ஓடுற வண்டியில நான் வயர் எப்படி செக் பண்றது?”

தேவசகாயம் சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். இஞ்சின் அடங்கியது.

யூரியாவைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குக் கரண்ட் போகவில்லை என்று ஸ்கேனர் காட்டியது. கம்ப்யூட்டரிலிருந்து இன்ஜெக்டர் வரை நான்கு மீட்டர் வயர், நடுவில் அங்கங்கே இணைப்புகள். சாய்குமார் ஒவ்வொன்றாகக் கழற்றி, கரண்ட் பார்க்கிற மீட்டரின் முள்ளை வைத்து, வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். எல்லாமே சரியாக இருந்தது. மணி பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டரைக்கு அவரை மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேறு வண்டிக்கு இரண்டு இடத்தில் போன் செய்தேன். படுக்கிற வண்டி நான்கு மணிக்கு மேல்தான் என்றார்கள்.

“இனி கம்ப்யூட்டர்தான் அங்கிள். கம்பெனிக்கு அனுப்பணும், நாலு நாள் ஆகும்.”

“இன்ஜெக்டர்கிட்ட பாத்தியாடே?”

“அது தகடு மூடி உள்ளே இருக்கு, கழற்ற அரை மணி நேரம். அங்கே லீக் இருந்தா யூரியா காஞ்சு கீழே வெள்ளையா பொடி கொட்டும். உங்க வண்டி அடியில கடிகின, அதான் கழுவின மாதிரி க்ளீனா இருக்கு. பொடி ஏதாவது பார்த்தீங்களா?”

“ஒரு பொட்டு பாக்கல தம்பி. தெனமும் குனிஞ்சு பாக்கேன்.”

சொன்னால் சுமதி வரைக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நடை. நீல உதடு.

“இருந்தது” என்றேன். “நான்தான் கழுவினேன்.”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“செய்வினைன்னு நினைச்சேன். மஞ்சள் தண்ணி ஊத்தி, பைப்பால மேலேயும் அடிச்சேன். நாலு நாள்.”

“மேலேயுமா?” என்று கேட்ட சாய்குமார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்பேனரோடு வண்டிக்கடியில் போய்விட்டான்.

தேவசகாயம் என்னையே பார்த்தார். “யாரு வச்சதுன்னு ஊருல சொன்னிய?”

சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அதாங்க்கா அந்தப் பிள்ளை நாலு நாளா எம் மொகத்தையே பாக்கல.”

தகடு இறங்கியது. இன்ஜெக்டர் குழாயின் மூட்டில் கசிந்த யூரியா, வயர் வழியே இறங்கிப் பிளக்குக்குள் போயிருந்தது. உள்ளே வெள்ளைப் படிகம், அதற்கு நடுவில் பச்சை பூத்து இற்றுப்போன ஒரு பின். என் மஞ்சளும் கொஞ்சம் இருந்தது. சாய்குமார் அதைச் சுரண்டி எடுத்து எனக்குக் காட்டினான், வேண்டுமென்றே.

வெந்நீரில் கழுவி, காற்றடித்து, மூட்டுக்குப் புது வாஷர் போட்டு, புதுப் பின் வைத்து அமுக்கினான். மீட்டரில் அளவு சரியாக வந்தது. ஸ்கேனரில் எதையோ அழித்தான். பன்னிரண்டு ஆகியிருந்தது. தேவசகாயம் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். இஞ்சின் இருமியது, நின்றது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. மிரட்டிய அந்த எண் மறைந்திருந்தது.

திரும்பும் வழியில், பேகம்பேட்டில் அவர் சொன்னார்: “இனிமே எம் வண்டிக்கடியில என்னத்தப் பாத்தாலும் மொதல்ல எனக்கிட்ட சொல்லுங்க. அப்புறமா ஊருக்குச் சொல்லலாம்.”

ஆஸ்பத்திரி நடையில் கிருஷ்ணமூர்த்தியை அப்போதுதான் வெளியே தள்ளியிருந்தார்கள். உதட்டைப் பார்த்தேன். சாதாரண நிறம். “எங்கே போயிருந்தே? பால் பாக்கெட்டா?” என்றார். என்னை அடையாளம் தெரிந்தது.

வாசலில் வேன் உறுமிக்கொண்டே நின்றது. சரியாகிவிட்டது என்று தெரிந்தும் தேவசகாயம் அணைக்கவில்லை. அணைக்கச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்கவைத்த கையோடு மூன்றாவது மாடிக்கு, சுமதி வீட்டுக்கு ஏறினேன். அந்த நான்கு வீடுகளுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.