கலைவாணி ஒட்டிய நாடு

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து பிறந்தது. சித்தூரில் மனு எழுதித் தருபவன் நான். மிச்ச நேரத்தில் கதை. போன மாதம் குடிபாலா ஊர்க்காரி கலைவாணி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுண்ணா."

பதிலை எழுதிக் கொடுத்தேன். கோபம் மிச்சமிருந்தது. அதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

2

முதல் தொடக்கம்: திருப்பதியின் புறநகரில், காலை வெயிலில் பளபளத்த அந்தத் தொழிற்சாலை…

(அடித்துவிட்டேன். அது தகரக் கொட்டகை.)

இரண்டாவது: கலைவாணி பவர் பேங்க் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தா—

(இதுவும் பொய். அங்கே யாரும் எதையும் தயாரிக்கவில்லை.)

செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும் அந்தப் பெட்டிகள் முழுதாக முடிந்து கப்பலில் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வேறொரு நாட்டின் பெயர். கலைவாணி சூடு காட்டி அந்த ஸ்டிக்கரை உரிப்பாள். 'மேட் இன் இந்தியா'வை ஒட்டுவாள். இரண்டு வருடம் இதுதான் வேலை.

(இடையில் ஒன்று: ஒரு பொருளின் பாகங்கள் பத்து நாடுகளிலிருந்து வரலாம். எங்கே அது புதுப்பொருளாக உருமாறுகிறதோ, அதுவே பிறந்த நாடு என்று பொதுவாகச் சொல்வார்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும்; வக்கீல்கள் வாதாடுவார்கள். இங்கே வாதாட என்ன இருக்கிறது? ஒரு திருகாணிகூட முடுக்கப்படவில்லை.)

3

புத்தூரில் ஜாக்கெட் தைக்கும் சந்திரம்மாவின் கையில் அந்தப் பெட்டிகளில் ஒன்று வெடித்தது. வலது கை. எலும்பு முறிந்திருந்தால், எலும்புக் கட்டுக்குப் பேர்போன அந்த ஊரிலேயே கட்டுப் போட்டிருப்பார்கள். வெந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அவர் மகள் கீர்த்தி வழக்குப் போட்டாள். பொருளை அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனி கைவிரித்தது: எங்கள் பெயர் அதில் எங்கே இருக்கிறது?

இங்கே மேலாளர் ஹரிபாபு ஸ்டிக்கரின் எண்ணைப் பார்த்தார். கலைவாணியின் மேசை எண். 'தயாரிப்பில் கவனக்குறைவு' என்று அவள் பெயருக்கு நோட்டீஸ் அடித்து, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்.

"சந்தகம் பெட்டம்மா. உட்டி ஃபார்மாலிட்டி." கையெழுத்துப் போடும்மா, வெறும் சம்பிரதாயம்தான் என்று தெலுங்கில் சொன்னார்.

"சார், நான் அத்தத் தொறந்துகூடப் பாத்ததில்ல. உள்ள இன்னா கீதுன்னே எனக்குத் தெரியாது."

"மேட் இன் இந்தியான்னு ஒட்டினது யாரு? நீதானே?"

விற்றவரைக்கும் அது நாட்டின் பெருமை. வெடித்ததும் குடிபாலாப் பெண்ணின் கைவேலை!

4

நான் முதலில் எழுதிய பதில் பணிவானது. 'தெரியாமல் நேர்ந்த பிழையை மன்னித்து…' என்று வாசித்துக் காட்டினேன்.

"இன்னா பிழைண்ணா?"

"வேலை போயிடக் கூடாதேன்னுதாம்மா…"

"நீயும் எம்மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கினுதான கீற?"

காது சுட்டது. கிழித்துப் போட்டேன். பிறகு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இதை நான் செய்யவில்லை. எங்கள் கம்பெனியும் செய்யவில்லை. பெயரை மட்டும் மாற்றினோம். மாற்றச் சொன்னவர் ஹரிபாபு.'

கொடுத்த மறுநாளே வேலை போனது. திருப்பதி ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வந்தாள்.

5

முடிவு ஒன்று: கம்பெனிக்குப் பூட்டு. (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: வேறு வேலையில் சேர்ந்த கலைவாணி எல்லாவற்றையும் மறந்— (மறக்கவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். கீர்த்தியின் வழக்குக்குச் சாட்சி இல்லை. கலைவாணி போய்ச் சொல்லலாம். சொன்னால், வேறு நாட்டுப் பெயரைத் தெரிந்தே இரண்டு வருடம் உரித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"உன்னையும் சேத்து மாட்டிவிடுவாங்கம்மா" என்றேன்.

"ஒட்டனது நான்தாண்ணா. அத்த எப்டி இல்லன்றது? அந்தம்மா ஊசிகூடப் புடிக்க முடியாம குந்திக்கினு கீது."

இன்று காலை புத்தூர் பஸ் ஏறினாள். இந்நேரம் சந்திரம்மா வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள். உள்ளே நடப்பதை நான் எழுத மாட்டேன். அங்கே மன்னிப்பை எழுதிவைக்க, வெந்தது என் கையா?

கதவைத் திறப்பது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். பதில் சொல்லத்தான் வந்திருக்கிறாள்.